பிரெஞ்சுப் புகைப்படக்காரர்களும் ஓவியர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைப்படம் கற்றுக்கொள்ள வருபவர்களானாலும் சரி, ஓவியம் பார்க்கப் பழகுபவர்களானாலும் சரி, ஒரு கட்டத்தில் பிரான்ஸ் பக்கம் வந்து நின்றுதான் ஆக வேண்டும். 1839இல் தொடங்கி சுமார் நூற்றைம்பது ஆண்டுகள் பாரிஸில் கேமராக்காரர்களும் தூரிகைக்காரர்களும் ஒரே ஸ்டூடியோக்களில் படித்தார்கள், ஒரே தெருக்களில் குடியிருந்தார்கள், ஒருவர் வேலையை ஒருவர் காசு கொடுத்து வாங்கினார்கள். அதனால் இந்தப் பதில்களில் இரு தரப்பையும் சேர்த்தே பேசுகிறேன். தனித்தனியாகப் படித்தால் பாதிதான் புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

புகைப்படம் வந்த அன்றே ஓவியம் செத்துவிட்டது என்று ஒரு பிரெஞ்சு ஓவியர் சொன்னாராமே?

போல் தெலாரோஷ் என்ற ஓவியரின் பெயரில் இந்த வாக்கியம் உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. அவர் செய்தது நேர் எதிரான காரியம். லூயி தாகேரின் கண்டுபிடிப்பை அரசு வாங்கலாமா என்ற பேச்சு 1839இல் எழுந்தபோது, ஓவியர்களுக்கு இது பெரிய உதவியாக இருக்கும் என்று பரிந்துரை எழுதிக் கொடுத்தவர் அவர்.

தாகேரே ஓவியர்தான். நாடக மேடைகளுக்குப் பிரம்மாண்டமான திரைகள் வரைந்து, அவற்றின் மேல் வெளிச்சத்தை மாற்றி மாற்றிக் காட்டிப் பாரிஸ் மக்களை வியக்க வைத்தவர். அவருக்கு முன்பே, 1826–27 வாக்கில், நீஸெஃபோர் நியெப்ஸ் தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளை ஒரு தகட்டில் பதித்திருந்தார். 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் அகாதமிக் கூட்டத்தில் செய்முறை வெளியிடப்பட்டது. உடனடியாக அடி வாங்கியவர்கள் சிறிய உருவப்படங்கள் வரைந்து பிழைத்தவர்கள். அவர்களில் பலர் தாங்களே கேமரா வாங்கி ஸ்டூடியோ திறந்துவிட்டார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. கவிஞர் போத்லேர் 1859ஆம் ஆண்டு ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, புகைப்படம் கலைக்கும் அறிவியலுக்கும் பணிவிடை செய்யட்டும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்று காட்டமாகச் சொன்னார். அதே போத்லேரின் அந்தக் கூர்மையான முகம் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது என்றால், அவருடைய நண்பர் நதாரும் எத்தியேன் கார்ஜாவும் எடுத்த போட்டோக்கள்தான் காரணம்.

இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நடந்தது என்பது சரியா?

சரிதான். 1874 ஏப்ரல் 15 அன்று, பாரிஸில் கப்யூசின் பெருந்தெரு 35ஆம் எண் கட்டடத்தில். அது நதாரின் பழைய ஸ்டூடியோ. மொனே, ரெனுவார், டேகா, பிஸாரோ, பெர்த் மொரிஸோ, செசான் எல்லோருடைய படங்களும் அங்கே தொங்கின. மொனேயின் சூரியோதயப் படத்தைப் பார்த்து விமர்சகர் லூயி லெருவா கிண்டலாக வைத்த பெயர்தான் பிறகு அந்த இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

நதாரைப் பற்றித் தனிப் பக்கமே எழுதலாம். கேலிச்சித்திரக்காரராகத் தொடங்கியவர், 1858இல் பலூனில் ஏறி வானத்திலிருந்து படம் எடுத்தார், பிறகு செயற்கை வெளிச்சத்தோடு பாரிஸின் நிலவறைக் கல்லறைகளுக்குள் இறங்கினார்.

டேகாவின் படங்களில் ஆட்கள் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருப்பது கேமராவின் பாதிப்பா?

பல நூல்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். காலக்கணக்கு இடிக்கிறது. நடனக்காரிகளையும் குதிரைகளையும் டேகா ஓரத்தில் வெட்டி வரைந்தது 1870களில். கையில் பிடித்து நினைத்த நேரத்தில் சொடுக்கும் கேமரா பரவலானது 1880களின் கடைசியில். கோடக் வந்தது 1888இல். அதற்கு முந்தைய கேமராக்களுக்கு முக்காலியும் பொறுமையும் வேண்டும், ஓடுகிற ஆளை அவற்றால் பிடிக்க முடியாது. டேகாவுக்கு அந்த வெட்டு வந்த வழிகளில் முக்கியமானது ஜப்பானிய மர அச்சுப் படங்கள். அப்போது பாரிஸ் ஓவியர்கள் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேமராவிடமிருந்து அவர் வாங்கியது வேறு. ஓடும் குதிரையின் கால்கள் எந்த நொடியில் எப்படி இருக்கும் என்பதை புகைப்படக்காரர் மைப்ரிட்ஜின் தொடர்ப் படங்கள் காட்டியபோது, டேகா அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார். 1895இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தானே கேமரா வாங்கினார். விருந்துக்குப் போன வீடுகளில் இரவில் விளக்குகளை இப்படியும் அப்படியும் நகர்த்தி, நண்பர்களை அசையாமல் உட்கார வைத்துப் படம் எடுத்தார். கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த மனிதர் இருட்டிலிருந்து முகங்களைப் பிரித்தெடுத்த அந்தப் படங்கள் மிகவும் குறைவு. கிடைத்தால் விடாமல் பாருங்கள்.

பொன்னாரும் வுய்யாரும் போட்டோ எடுத்தார்களா?

இருவரும் எடுத்தார்கள். எத்துவார் வுய்யார் 1890களின் கடைசியில் கோடக் வாங்கினார். பிரிண்ட் போடும் வேலையில் அவருடைய அம்மா உதவினார். அந்த அம்மாதான் அவருடைய ஓவியங்களில் தையல் வேலையோடு திரும்பத் திரும்ப வருபவர். பியேர் பொன்னார் கையடக்கக் கோடக்கில் குடும்பத்தையும் தோட்டத்தில் தன் துணைவி மார்த்தையும் எடுத்தார். ஆனால் வரையும்போது போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தவர் இல்லை. டைரியில் பென்சிலால் சின்னக் குறிப்புகள், அப்புறம் நினைவு. அவ்வளவுதான் அவருடைய முதலீடு.

அத்ஜே என்ற பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். அவர் என்ன செய்தார்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால், யூஜீன் அத்ஜேயைப் படியுங்கள் என்பேன்.

1857இல் லிபூர்னில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். கப்பலில் வேலை பார்த்தார், நடிகராக முயன்றார், சிறு வேடங்களைத் தாண்டிப் போக முடியவில்லை. 1890 வாக்கில் கேமராவைக் கையில் எடுத்தார். வீட்டு வாசலில் அவர் மாட்டிய பலகையில் 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்' என்று இருந்தது. அதாவது, ஓவியருக்கு மரம் வேண்டுமா, கதவு வேண்டுமா, படிக்கட்டுக் கம்பி வேண்டுமா, இவரிடம் வந்தால் போட்டோவாகக் கிடைக்கும். மேடை அலங்காரம் செய்பவர்களும், பாரிஸ் நகர நூலகமும், கார்னவாலே அருங்காட்சியகமும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

18க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகள், மரக் கேமரா, முக்காலி, கறுப்புத் துணி. எல்லாவற்றையும் தோளில் சுமந்துகொண்டு, ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன் விடியற்காலையில் கிளம்பிவிடுவார். இடிக்கப்படவிருந்த வீடுகள், கடை வாசல்கள், கந்தை பொறுக்குபவர்களின் குடிசைகள், வெர்சாய் பூங்காவின் சிலைகள். சில படங்களில் மேல் மூலைகள் இருண்டிருக்கும். லென்ஸை மேலே தூக்கிக் கட்டடத்தை முழுதாக அடக்கப் பார்த்தபோது லென்ஸின் வட்டம் தகட்டின் மூலைக்கு எட்டவில்லை. அதை அவர் வெட்டி எறியவில்லை. படிக்கட்டுக் கம்பியின் வளைவு தெளிவாக வந்திருந்தால் வாங்குபவருக்குப் போதும், அவருக்கும் போதும்.

1920இல் 2,600க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை அரசின் வரலாற்றுச் சின்னங்கள் துறைக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். மோன்பர்னாஸ் பகுதியில் அவர் குடியிருந்த அதே கம்பான்-பிரமியேர் தெருவில்தான் அமெரிக்கரான மேன் ரேயும் ஸ்டூடியோ வைத்திருந்தார். கனவையும் ஆழ்மனதையும் கலையாக்க முயன்ற சர்ரியலிஸ்டுகளின் இதழ் ஒன்றில் 1926இல் அத்ஜேயின் படங்களை அவர் வெளியிட்டார். 1912 சூரிய கிரகணத்தைப் பார்க்கப் பாஸ்தீய் சதுக்கத்தில் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்க்கும் மக்களின் படம் அட்டையில் வந்தது. என் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள்தான் என்று அத்ஜே சொல்லிவிட்டார்.

1927இல், மேன் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரெனிஸ் ஆபட் அத்ஜேயைத் தன் ஸ்டூடியோவுக்கு அழைத்து உருவப்படம் எடுத்தார். பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு காட்டப் போனபோது அத்ஜே இறந்திருந்தார். மிச்சமிருந்த தகடுகளையும் பிரிண்டுகளையும் ஆபட் கடன்பட்டு வாங்கி நியூயார்க்குக்குக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் காப்பாற்றினார். 1968இல் அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெண் அந்த முடிவை எடுத்திருக்காவிட்டால் இந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

காரின் சக்கரம் சாய்ந்து ஓடும் அந்தப் பழைய படம் யாருடையது? கணினி வேலையா?

ழாக்-ஹென்றி லார்த்திக் எடுத்தது. 1912 கார் பந்தயம் என்று அவர் குறித்து வைத்திருந்தார். 1913 ஆக இருக்கலாம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கணினி அப்போது ஏது!

படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். காரின் உடம்பில் 6 என்ற எண். பின்சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில், ஓடும் திசைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வேடிக்கை பார்ப்பவர்களும் கம்பங்களும் எதிர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். காரின் முன்பகுதி பிரேமுக்கு வெளியே போய்விட்டது. இதன் காரணம் ஷட்டர். அந்தக் கேமராவில் ஒரு மெல்லிய பிளவு தகட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும். சக்கரத்தின் அடிப்பாகம் முதலில் பதிவாகி, மேல்பாகம் பதிவாவதற்குள் கார் முன்னால் போய்விட்டது, அதனால் சக்கரம் முன்னே சாய்ந்தது. லார்த்திக் காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினார், அதனால் நின்றுகொண்டிருந்த மக்கள் எதிர்ப் பக்கம் சாய்ந்தார்கள். கார் அவரை முந்திக்கொண்டதால் முன்பகுதி போனது. வேகம் என்றால் என்ன என்று இதைவிட நன்றாகச் சொன்ன நிழற்படம் எனக்குத் தெரிந்து இல்லை.

லார்த்திக் 1894இல் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழெட்டு வயதிலேயே கேமரா கிடைத்தது. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தன்னை ஓவியர் என்றே நினைத்தார், அகாதமி ழூலியனில் ஓவியம் படித்தார், ஓவியக் கண்காட்சிகள் வைத்தார். போட்டோக்களை வீட்டு ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு போனார். 1963இல், அவருக்கு 69 வயதானபோது, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்டிய பிறகுதான் உலகம் அவரைப் புகைப்படக்காரர் என்று தெரிந்துகொண்டது. அதே ஆண்டு 'லைஃப்' பத்திரிகை அவர் படங்களை வெளியிட்டது. ஜனாதிபதி கென்னடி கொலைச் செய்தி வந்த இதழ் அது. அதனால் அந்தப் படங்கள் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயின.

ஆந்த்ரே லோத் யார்? பெரிய ஓவியர் பட்டியலில் அவர் பெயர் வருவதில்லையே?

வராது. அவருடைய ஓவியங்கள், உருவங்களை வடிவத் துண்டுகளாக உடைத்து வரையும் கியூபிசத்தின் இரண்டாம் வரிசையில் வைக்கப்படுபவை. ஆனால் ஆசிரியராக அவர் செய்த வேலை மிகப் பெரிது. 1885இல் போர்தோவில் பிறந்து, இளவயதில் மரச் செதுக்கு வேலை பழகி, பிறகு பாரிஸுக்கு வந்து மோன்பர்னாஸில் ஓவியப் பள்ளி நடத்தினார். ஒரு படத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய பாடம். பழைய ஓவியங்களின் மேல் கோடு போட்டு, எந்த மூலைவிட்டம் எதை வெட்டுகிறது, எந்த விகிதத்தில் இடம் பிரிகிறது என்று காட்டுவார்.

1920களின் பிற்பாதியில் அந்த வகுப்பில் இருந்தவர்களில் இருவர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனும் தோரா மாரும். இருவரும் ஓவியம் படிக்க வந்து புகைப்படத்துக்குப் போனவர்கள், பின்னாளில் மறுபடி ஓவியத்துக்குத் திரும்பியவர்கள். நம் நாட்டு ஓவியர் ராம் குமார் பாரிஸ் போனபோதும் லோத்திடம்தான் படித்தார். லோத்திடம் கற்றதுதான் தன் புகைப்படங்களுக்கு அடித்தளம் என்று பிரெஸ்ஸோன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரெஸ்ஸோன் 'சரியான கணத்துக்காக' காத்திருந்து எடுப்பவர் என்கிறார்களே. அதில் ஓவியப் படிப்புக்கு என்ன வேலை?

கணத்தைப் பற்றியே பேசிப் பேசி இடத்தை மறந்துவிட்டார்கள். 1932இல் செயின்ட் லாசார் ரயில் நிலையத்தின் பின்னால் எடுத்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் கிடக்கும் ஏணியின் மேலிருந்து ஒருவர் தாவுகிறார், குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு விரல்கடை இருக்கிறது. இதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். அப்புறம் பின்சுவரைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் ஒரு நடனக்காரி அதே போலத் தாவுகிறாள், எதிர்த் திசையில். தாவும் ஆளுக்குத் தண்ணீரில் பிம்பம், சுவரொட்டிக்கும் பிம்பம். முன்னால் கிடக்கும் உடைந்த வளையங்கள் நீரில் வட்ட வட்டமாகக் கிடக்கின்றன. இத்தனை பொருத்தத்தையும் ஒரு நொடியில் கண்டுகொள்ளும் கண் லோத்தின் வகுப்பில் பழகியது.

பிரேமைப் பிறகு வெட்டக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர் அவர். இந்தப் படம் அபூர்வமான விதிவிலக்கு. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் இடது ஓரத்தைப் பலகை மறைத்துவிட்டது, அதை வெட்டினார்கள்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால்: 1908இல் நூல் உற்பத்தி செய்யும் வசதியான குடும்பத்தில் பிறப்பு. ஓவியராக இருந்த சித்தப்பா லூயி முதல் உலகப்போரில் இறந்தார், சிறுவனுக்கு ஓவிய ஆசையை விதைத்தவர் அவர். ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் போய்க் கடும் காய்ச்சலில் சாகப் பிழைத்துத் திரும்பினார். தாங்கனிக்கா ஏரி அலைக்குள் மூன்று சிறுவர்கள் ஓடும் மார்ட்டின் முன்காச்சியின் படம் அவரை உலுக்கியது. லைகா கேமரா, 50 மி.மீ. லென்ஸ், பளபளக்கும் இடங்களில் கறுப்பு டேப். ஓவியர் ரெனுவாரின் மகன் ழான் ரெனுவாரிடம் திரைப்பட உதவியாளராக இருந்தார். 1940இல் ஜெர்மானியர்களிடம் கைதியாகி, இரண்டு முறை தப்பப் பார்த்துப் பிடிபட்டு, 1943இல் மூன்றாவது முயற்சியில் தப்பினார். மண்ணில் புதைத்து வைத்திருந்த லைகாவைத் தோண்டி எடுத்தார். போரில் இறந்துவிட்டார் என்று நினைத்து நியூயார்க்கில் அவருக்கு நினைவுக் கண்காட்சி ஏற்பாடு நடந்தது. 1947இல் அது திறந்தபோது அவரே நேரில் வந்து நின்றார். அதே ஆண்டு ராபர்ட் காப்பா முதலியோருடன் சேர்ந்து மேக்னம் என்ற புகைப்படக்காரர்களின் நிறுவனத்தைத் தொடங்கினார்.

மாத்தீஸையும் பொன்னாரையும் அவர் எடுத்த படங்கள் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன?

தப்பி வந்த கையோடு 1944 வாக்கில் எடுத்தவை அவை. வாங்ஸ் ஊரில் ஹென்றி மாத்தீஸ் ஒரு கையில் புறாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வரைகிறார். தலையைச் சுற்றித் துணி, சுற்றிலும் கூண்டுகள். 1941இல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதிகம் நிற்க முடியாமல் போனவர். விரைவில் வண்ணத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டும் வேலைக்கு மாறியவர். 1952இல் பிரெஸ்ஸோனின் முதல் பெரிய புகைப்பட நூல் வந்தபோது அட்டைக்கு வண்ணத்தாள் வெட்டிக் கொடுத்தவர் இதே மாத்தீஸ்.

பொன்னார் கூச்ச சுபாவம் கொண்டவர். கேமராவைக் கண்டால் முகத்தைக் கழுத்துத் துணிக்குள் புதைப்பார். ஏன் அந்த நேரத்தில் அழுத்தினீர்கள் என்று அவர் கேட்டதாகவும், பிரெஸ்ஸோன் சுவரில் முடியாமல் இருந்த ஓவியத்தைக் காட்டி, அங்கே ஏன் கொஞ்சம் மஞ்சள் வைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டதாகவும் சொல்வார்கள். பொன்னாருக்கும் மஞ்சளுக்கும் உள்ள உறவு தெரிந்தால் இது இன்னும் ருசிக்கும். 1947 ஜனவரியில் படுக்கையில் கிடந்தபோது, தன் கடைசி ஓவியமான பூத்த பாதாம் மரத்தின் கீழ் மூலையில் இருக்கும் பச்சை சரியில்லை, மஞ்சள் வேண்டும் என்றார். தூரிகையைத் தூக்கும் தெம்பு இல்லை. உறவினரான ஷார்ல் தெராஸ் அவருக்காக அந்த இடத்தை மாற்றிக் கொடுத்தார். சில நாளில் பொன்னார் இறந்தார்.

பிரெஸ்ஸோன் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறாரா?

வந்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்கள் அவை. 14ஆம் தேதி இரவு வானத்தில் ஒளிவால் கொண்ட ஒரு நட்சத்திரம் மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைவதைக் கண்டு கடிகாரத்தைப் பார்த்தார், மணி 8:47. அதே நிமிடத்தில்தான் மகரிஷி இறந்தார் என்று தெரிந்துகொண்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். அந்த நாட்களின் படங்களையும் எடுத்தார்.

அதே மாதம் புதுச்சேரி போனார். அப்போது அது இன்னும் பிரெஞ்சு ஆட்சியில். பல ஆண்டுகளாகப் படம் எடுக்க அனுமதிக்காத அரவிந்தரை அன்னையின் அனுமதியோடு எடுத்தார். அரவிந்தர் அந்த டிசம்பரில் மறைந்தார். இன்று வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருக்கும் அரவிந்தரின் முதிய வயதுப் படங்கள் பல அந்தச் சந்திப்பில் எடுத்தவை.

அன்னையின் பக்கம் இருக்கும் தொடர்பைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. மிரா அல்ஃபாஸா 1878இல் பாரிஸில் பிறந்தவர், லார்த்திக் பின்னாளில் படித்த அதே அகாதமி ழூலியனில் ஓவியம் படித்தவர். 1897இல் அவர் மணந்த ஹென்றி மொரிஸே, குஸ்தாவ் மொரோவின் மாணவர். மாத்தீஸும் ருவோவும் வந்தது அதே மொரோவின் வகுப்பிலிருந்து. அப்படிப் பார்த்தால் 1950இல் புதுச்சேரியில் சந்தித்த அன்னை, பிரெஸ்ஸோன் இருவருமே பாரிஸ் ஓவியப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள்.

காந்தியின் கடைசிப் படங்களும் பிரெஸ்ஸோனுடையவையா?

1948 ஜனவரி 30 அன்று பிற்பகல் டெல்லியில் காந்தியைச் சந்தித்துத் தன் கண்காட்சிப் புத்தகத்தைக் காட்டினார். பிணவண்டியைத் திரும்பிப் பார்க்கும் கவிஞர் போல் க்ளோதெலின் படத்தில் காந்தி நின்று, இதன் பொருள் என்ன என்று கேட்டு, மரணம் என்று மூன்று முறை சொன்னதாக பிரெஸ்ஸோன் நினைவுகூர்ந்தார். சிறிது நேரத்தில் துப்பாக்கிச் சூடு. இறுதி ஊர்வலப் படங்கள் உலகமெங்கும் அச்சாயின.

அதே 1948இல் காஷ்மீரில் எஸ்.எச். ரசாவின் ஓவியங்களைப் பார்த்தார். திறமை இருக்கிறது, கட்டமைப்பு இல்லை, செசானைப் படியுங்கள் என்றார். ரசா பிரெஞ்சு கற்றுக்கொண்டு 1950இல் பாரிஸ் போனார், அறுபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஒரு இந்திய ஓவியருக்கு செசானுக்குப் போகும் வழியை ஒரு புகைப்படக்காரர் காட்டினார் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தப் புகைப்படக்காரர் லோத்தின் மாணவர்.

தோரா மார் பிக்காஸோவின் காதலி மட்டும்தானா?

இந்தக் கேள்வி இன்னமும் வருவது எனக்கு வருத்தம். பிக்காஸோவை 1935–36இல் சந்திப்பதற்கு முன்பே பாரிஸில் சொந்த ஸ்டூடியோ வைத்து, விளம்பரம், ஃபேஷன், தெருப் படம், சர்ரியலிசப் படத்தொகுப்பு எல்லாம் செய்து பெயர் வாங்கியவர் அவர். 1936இல் காட்டிய ஒரு விசித்திரமான பிராணியின் நெருக்கமான படம் சர்ரியலிசத்தின் அடையாளங்களில் ஒன்று.

1937 மே, ஜூன் மாதங்களில் பிக்காஸோ 'குவெர்னிகா'வை வரைந்தபோது, கிட்டத்தட்ட எட்டு மீட்டர் அகலத் திரை கட்டம் கட்டமாக மாறியதைப் படம்பிடித்தவர் தோரா மார். மங்கலான வெளிச்சம், நகர இடமில்லாத மாடி. ஓங்கிய கை ஒன்று முதலில் இருந்து பிறகு காணாமல் போனது நமக்குத் தெரிவதே அந்தப் படங்களால்தான். மாத்தீஸும் 1935இல் ஓர் ஓவியத்தின் 22 நிலைகளைப் போட்டோ எடுக்க வைத்தார். ஓவியம் முடிந்ததும் அழிந்துவிடும் யோசனைகளைக் காப்பாற்ற கேமராவைத் தவிர வழியில்லை.

பிக்காஸோவைப் பிரிந்த பிறகு ஓவியத்துக்குத் திரும்பினார். முதுமையில் கேமரா இல்லாமல், ஒளி பட்டால் பதியும் தாளில் நேரடியாகப் படங்கள் செய்தார். 1997இல் இறந்தார். பாரிஸ் பாம்பிடு மையம் 2019இல்தான் அவருக்கு முழுமையான கண்காட்சி வைத்தது.

துவானோவின் முத்தப் படம் ஏற்பாடு செய்து எடுத்ததாமே? அப்படியானால் பொய்தானே?

ஏற்பாடு செய்ததுதான். 1950இல் 'லைஃப்' பத்திரிகைக்காக, நாடகம் படித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியை அழைத்து எடுத்தார். 1990களில் வேறு ஒரு தம்பதி அது நாங்கள்தான் என்று வழக்குப் போட்டபோது ரொபேர் துவானோ இதை வெளியே சொல்ல வேண்டியதாயிற்று. பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மாடல்களை நிறுத்தி வரைந்த ஓவியங்களை யாரும் பொய் என்பதில்லை. ஆனால் தெருவில் தற்செயலாகக் கண்டது என்று நம்பிப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம் வருவது நியாயம்தான்.

துவானோ கல்லச்சு, செதுக்கு வேலை படித்தவர். ரெனோ கார் தொழிற்சாலையில் போட்டோ எடுத்து, அடிக்கடி தாமதமாக வந்ததால் வேலையை இழந்தார். ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்திருந்தபோது அந்தச் செதுக்குக் கைதான் எதிர்ப்பு இயக்கத்தினருக்குப் போலி அடையாளச் சீட்டுகள் செய்து கொடுத்தது.

பிராசாய் பிரெஞ்சுக்காரரா?

பிறந்தது அப்போது ஹங்கேரியில் இருந்த பிராஸ்ஸோவில், இப்போது அது ருமேனியா. ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். புடாபெஸ்டிலும் பெர்லினிலும் ஓவியம் படித்து 1924இல் பாரிஸ் வந்தார். இரவுப் பாரிஸை மூடுபனியிலும் தெரு விளக்கிலும் எடுத்தார். எவ்வளவு நேரம் லென்ஸைத் திறந்து வைப்பது என்பதற்குச் சிகரெட்தான் அளவு. வெளிச்சம் கொஞ்சம் இருந்தால் கொல்வாஸ், ரொம்ப இருட்டென்றால் பெரிய பொயார். அவருடைய கோட்டோவியங்களைப் பார்த்த பிக்காஸோ, தங்கச் சுரங்கம் வைத்துக்கொண்டு உப்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறீர்களே என்றாராம். பிராசாய் உப்பிலேயே இருந்தது நம் அதிர்ஷ்டம்.

இவர்கள் ஏன் கலரில் எடுக்கவில்லை?

கலர் இருந்தது. லியோனின் லுமியேர் சகோதரர்கள் 1907இலேயே ஆட்டோக்ரோம் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதாச் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் பரப்பிய தகடு. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக, சொராவின் ஓவியம் போல இருக்கும். லார்த்திக் இதில் சில அழகான படங்கள் எடுத்தார். ஆனால் அதிக நேரம் ஒளி கேட்டதால் ஓடும் ஆளுக்கு உதவாது. பிரெஸ்ஸோனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது: நிறம் ஓவியருடைய சொத்து என்று நினைத்தார்.

பிரெஸ்ஸோன் கேமராவை விட்டது ஏன்?

1970களின் நடுவில் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு வரையப் போனார். தெரியாத் என்ற பதிப்பாளர், அவர் நூலை வெளியிட்டவர், புகைப்படத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள், வரையுங்கள் என்று தூண்டியவர். 2004இல் இறக்கும்வரை பென்சிலோடுதான் இருந்தார். அவருடைய கோட்டோவியங்கள் அவர் புகைப்படங்களின் உயரத்துக்கு வரவில்லை என்பது என் கருத்து. அவருக்கு அது பொருட்டாக இருக்கவில்லை.

புகைப்படம் பழகுபவர் இவர்களிடமிருந்து உடனே செய்து பார்க்கக்கூடியது ஏதாவது?

ஒன்று சொல்கிறேன். இளம் புகைப்படக்காரர்கள் கொண்டுவந்த கான்டாக்ட் ஷீட்டை (ஒரு சுருளின் எல்லாப் படங்களும் சிறிதாக அச்சான தாள்) பிரெஸ்ஸோன் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார் என்று ஐஃபெல் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிப்பவரின் படத்தை 1953இல் எடுத்த மார்க் ரிபூ சொல்லியிருக்கிறார். தலைகீழானால் யார், எங்கே, என்ன கதை என்பதெல்லாம் மறைந்து, வடிவம் மட்டும் நிற்கும். உங்கள் கைபேசியில் படத்தை 180 பாகை திருப்பிப் பாருங்கள். எங்கே கனம் கூடிவிட்டது, எங்கே வெறுமை என்று உடனே தெரியும். அப்புறம் செசானின் ஆப்பிள்களையும் அதே போலத் திருப்பிப் பாருங்கள்.

படங்களை எங்கே இலவசமாகப் பார்க்கலாம்? பயன்படுத்தலாமா?

பாரிஸ் நகர அருங்காட்சியகங்கள் 2020இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கட்டுப்பாடில்லாமல் இணையத்தில் திறந்துவிட்டன, கார்னவாலேயின் அத்ஜே படங்களும் அதில் உண்டு. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்தில் நதார், அத்ஜே இருவரும் நிறையக் கிடைப்பார்கள். பாரிஸ் போகிறவர்கள் ஓர்சே அருங்காட்சியகத்தையும், மாரே பகுதியில் இருக்கும் கார்த்தியே-பிரெஸ்ஸோன் அறக்கட்டளையையும் பார்க்கலாம். கார்னவாலேயின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. கோடையில் போனால் ஆர்ல் நகரில் 1970 முதல் நடக்கும் புகைப்பட விழாவும் உண்டு.

உரிமை விஷயத்தில், பிரான்ஸில் பொதுவாகப் படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் கழிந்தபின் படைப்பு பொதுச் சொத்தாகிறது. அத்ஜே, டேகா, பொன்னார் எல்லோரும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள். 1954இல் இறந்த மாத்தீஸ் 2025 தொடக்கத்தில் தாண்டினார். பிரெஸ்ஸோன், துவானோ, தோரா மார், லார்த்திக், பிராசாய் ஆகியோரின் படங்களை அச்சிடவோ விற்கவோ உரிமையாளரின் அனுமதி வேண்டும்.